மலிவு என்று நான் சொன்னது

நம்முடைய வகுப்புக் குழுவில் போன கிழமை ஒருவர் ஒரு படம் போட்டிருந்தீர்கள். நகரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் மலிவுக் கடையின் வாசலில், கொளுத்தும் வெயிலில் நிற்கும் வரிசை. நாலு கடை தள்ளிக் குளிரூட்டிய பெரிய சூப்பர் மார்க்கெட் ஆளில்லாமல் கிடக்கிறது. கீழே ஒரு வரி: ‘மாசச் சம்பளக்காரரும் இங்கேதான் நிற்கிறார்கள், வெட்கங்கெட்ட சனம்.’ அதற்குப் பதில்களைப் பார்க்க வேண்டுமே! ஏன்தான் அங்கே போகிறார்களோ என்று கேட்டார் ஒருவர். ஆசை என்றார் இன்னொருவர். சிக்கனம் என்றார் ஒருவர். விலைவாசியைத் திட்டி மூன்று பேர். நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினேன், அழித்தேன், எழும்பிப் போய்த் தேநீர் வைத்தேன், அடுப்பை அணைக்க மறந்து திரும்பி வந்து மறுபடியும் எழுதினேன்.

அந்த வரிசையில் பன்னிரண்டாவதாக, நீலக் குடையோடு நிற்பது நான்தான். குடை முகத்தை மறைத்ததால் தப்பினேன்.

சம்பளம் வாங்குகிறவள்தான் நான். பெரிய கடையில் வாங்கினால் குடும்பம் முழுகிவிடாது. ஆனாலும் பஸ் ஏறி அங்கே போகிறேன். ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி என்னை ஒரு கிழமையாக இருக்க விடவில்லை. நமக்கும் வயது போகிறது. நாற்பதைத் தொடுமுன்பே என் முன்முடி வெளுத்துவிட்டது, மாடிப்படி ஏறினால் முழங்கால் முறைப்பாடு வைக்கிறது. இன்னும் எத்தனை நாளைக்கு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு திரிவது? ஆகவே கேளுங்கள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் ஊருக்குள் வந்த சுனாமி மார்கழிக்குப் பிறகு வந்த ஆறேழு மாதத்துக் கதை இது. நமக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் வீடு குருக்கள்மடத்துக்குக் கிட்ட, கல்முனை ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு வாவிப் பக்கம் கோயில் காணியில் கொடுத்த தகரக் கொட்டிலில் இருந்தோம், அப்பா, அம்மா, நான்.

தம்பி இல்லை. அவனுக்கு நாலு வயது. கடல் வந்தபோது அம்மா அவனைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினார். கையிலிருந்து போய்விட்டான். இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி அம்மா எங்களிடம் சொன்னதில்லை, நானும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. உங்களில் பலருக்கும் அப்படி ஒரு காலை இருக்கிறது.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். வாவித் துறைக்குப் போகும் ஒழுங்கையில் அவருடைய கடை. தண்ணீர் அதுவரை வரவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து துறை கடந்து வருகிறவர்களும் அங்கேதான் சாமான் எடுப்பார்கள். கருவாடு, மண்ணெண்ணெய், தேயிலை, புதுச் சாக்கு எல்லாம் கலந்த ஒரு வாசம் அந்தக் கடைக்கு உண்டு. இப்போதும் எங்காவது பழைய சாக்கைப் பிரித்தால் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன்.

மாமாவிடம் யாரும் சாமான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைக் கண்டால் போதும், அந்த வீட்டுக்கு என்ன தேவை என்று அவருடைய கைக்குத் தெரியும். அம்மா போய் நின்றால் சீனி, பருப்பு, தேயிலை, பெரிய பெட்டிப் பால்மா என்று கை தானாகப் போகும். எல்லாம் கட்டி முடிந்ததும் பழைய பேப்பரில் ஒரு துண்டு கிழிப்பார். போத்தலுக்குள் கைவிட்டு ஐந்து தோடம்பழ இனிப்பு எடுப்பார். சுருட்டி, முனையை முறுக்கி ஒரு சின்னச் சரை. “இது சின்ன முதலாளிக்கு” என்று மேலே வைப்பார். சின்ன முதலாளி என்றால் தம்பி. மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “என்னை நிறுங்க மாமா” என்று அடம்பிடிக்கிற முதலாளி. மாமா மற்றத் தட்டில் அரிசி மூட்டையை வைத்து, “இண்டைக்கும் மூட்டைதான் கூட” என்பார். எனக்கு இனிப்பு கிடையாது. பெரிய பிள்ளையாம். அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் இருந்தது.

தம்பியின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நாலாம் நாள் அம்மா முதன்முதலாகக் கடைக்குப் போனார். பை தூக்க நானும் போனேன். கடையில் மூன்று பெண்கள் நின்றார்கள். எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள், ஒருவரும் கெட்டவர் இல்லை. அம்மாவைக் கண்டதும் சூழ்ந்துகொண்டார்கள்.

“எவ்வளவு நேரம்கா புள்ளயப் புடிச்சிக்கிட்டு இரிந்த?”

“கடைசியா என்னவும் சொன்னானா?”

“சட்டை என்ன நிறம்கா? எங்கட ஆக்களும் தேடக்குள்ள சொல்லலாம்.”

அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சட்டை சிவப்பு என்றார். சொல்லிவிட்டுக் கடையின் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். மாமா தலை நிமிரவில்லை. தங்கையை அந்தக் கேள்விகளிலிருந்து கெதியாக வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. சீனி கட்டினார், பருப்பு கட்டினார், பெரிய பெட்டிப் பால்மாவை எடுத்து வைத்தார். பிறகு அவருடைய கை பேப்பரைக் கிழித்தது. போத்தலுக்குள் போனது. சரையைச் சுருட்டி, முனையை முறுக்கி, மேலே வைத்தது. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆளின் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்கோ சந்தோஷம். ஒருவழியாக எனக்கும் இனிப்புத் தந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒழுங்கையில் வரும்போது பைக்குள் கைவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து, சரையை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். கேட்டேன், தரவில்லை. வீடுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். பதின்மூன்று வயதில் இதைப் புரிந்துகொள்ளாதவள் எருமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கிழமை அம்மா களுவாஞ்சிகுடிப் பக்கம் பஸ் ஏறினார்.

அங்கே ஒரு பழைய நெல் ஸ்டோரில் வெளியூர் முதலாளி ஒருவர் கடை போட்டிருந்தார். நம் ஊரில் அதுவரை காணாத கடை. முன்னால் பலகையும் இல்லை, தராசும் இல்லை. சாமானெல்லாம் முன்கூட்டியே கட்டி, அட்டைப் பெட்டிகளோடு நிலத்தில் அடுக்கிக் கிடக்கும். நாமே கூடையை எடுத்துக்கொண்டு போய் அள்ள வேண்டியதுதான். நெளிந்த டின்மீன், பக்கம் கிழிந்த பிஸ்கட், லேபல் கழன்ற போத்தல், நிவாரணத்தில் வந்து கைமாறிய பருப்பு. விலையை அட்டையில் கரியால் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். வாசலில் ஒரு பெட்டை கல்குலேட்டரைத் தட்டுவாள். சாமானைத்தான் பார்ப்பாள், ஆளைப் பார்க்கமாட்டாள்.

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. எலிப் புழுக்கை நாற்றம், புழுதி, தகரச் சூடு. “போவம் அம்மா, போவம்” என்று சீலையை இழுத்துக்கொண்டே இருந்தேன். அம்மாவோ ஒரு அவசரமும் இல்லாமல் நடந்தார். பால்மா இருந்த இடத்தில் நின்றார். பெரிய பெட்டியை எடுத்தார், வைத்தார். சின்னதை எடுத்தார். அதையும் வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துக் கூடைக்குள் போட்டார். ஏன் சின்னது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவின் முகம் அன்று சாதாரணமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கடலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை அங்கேதான். வழியில் ஆமிச் சென்றியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடியும் ஏற வேண்டும். காலையில் போனால் மத்தியானமாகும். அப்பா ஒருநாள் கேட்டார்.

“இஞ்சேர், பஸ் காசையும் சேத்துப் பாத்தா இதில என்ன மலிவு இரிக்கு?”

“மலிவெண்டு நான் சொன்னனா?” என்றார் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். பொம்பிளைகளுக்குக் கணக்கு வராது என்று நினைத்திருப்பார். அந்தப் பேச்சு முழுக்க என் காதில் விழுந்தது. இதை மறந்துவிடாதீர்கள், அம்மா மலிவு என்று சொல்லவில்லை. எனக்கு அது தெரியும்.

பங்குனியில் ஒருநாள் பென்சில் வாங்க மாமாவின் கடைக்குப் போனேன். துறையால் வந்தவர்கள், நம் ஊரவர்கள் என்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மாமா என்னைக் கண்டு முகம் மலர்ந்தார். பென்சிலுக்குக் காசு வாங்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

“கொம்மாவைக் காணல்லயே மகள். சுகமில்லையா?”

“சுகம் மாமா.”

“மறுகா எங்க சாமான் எடுக்கிறா?”

“களுவாஞ்சிகுடிப் பக்கம்.”

“அவ்வளவு தூரமா? என்னத்துக்கு?”

கண்ணுக்கு முன்னால் இனிப்புப் போத்தல் இருந்தது. அவர் பென்சில் தந்தார், ஒரு இனிப்புத் தரவில்லை. அம்மாவும் தரவில்லை. அம்மா ஏன் அங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெரிய மனுசி மாதிரி எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“அங்க மலிவு மாமா. நீங்க கூட்டி விக்கிறீங்களாம். அம்மா சொன்னா.”

மாமா சீனிக்குள் விட்டிருந்த சிரட்டையை எடுத்து வெளியே வைத்தார். நின்றவர்களைப் பார்த்துத்தான் பேசினார்.

“கடல் வந்த மூண்டு நாளும் இந்தக் கடையில ஒரு மூட்டை மிச்சம் வச்சனா? கோயிலடியில ஊருக்கே அவிச்சுப் போட்டது ஆர்? நான் கூட்டி விக்கிறனாம். என்ட தங்கச்சி சொல்றா.”

நான் பென்சிலைப் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மாமா எங்கள் கொட்டில் பக்கம் வருவதை நிறுத்தினார். மாமி மட்டும் கோயிலில் கண்டால் அம்மாவோடு நாலு சொல் பேசுவார், அதுவும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு. ஊரில் பேச்சு வேறு மாதிரி வளர்ந்தது. கூடப்பிறந்தவன் கடையை விட்டுவிட்டு நெளிந்த டின்னுக்குப் பஸ் ஏறுகிறாள் என்றார்கள். கடல் பிள்ளையைக் கொண்டுபோயும் இவளுக்குக் காசாசை போகவில்லை என்றும் ஒரு வாய் சொன்னது. அம்மாவுக்கு அது வந்து சேர்ந்த நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். மீனைக் கழுவிக்கொண்டிருந்தவர் கழுவிக்கொண்டே இருந்தார். செதிலெல்லாம் போன பிறகும் கழுவினார்.

“நீ போய்க் கொண்ணனோட கதைச்சா என்ன?” என்றார் அப்பா.

“என்னத்தக் கதைக்க? அவர் அப்பிடி நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டும்.”

எழும்பிச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கோழை, சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று ஆனி வந்துவிட்டது.

ஆனியில் நான் பெரியபிள்ளையானேன்.

பெட்டையளுக்குத் தெரியும், பொடியன்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் தண்ணி வார்க்கும் அன்று தாய்மாமன் வந்து தேங்காய் உடைக்க வேண்டும். மாமி தண்ணீர் வார்க்க வேண்டும். வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை. மாமன் வராத பிள்ளை என்றால் அது கலியாணப் பேச்சுவரை கூடவே வரும். அம்மாவுக்கு ஒரே அண்ணன். எனக்கு ஒரே மாமா.

கொட்டிலின் ஒரு மூலையைச் சீலையால் மறைத்து என்னை இருத்தினார்கள். முட்டையும் நல்லெண்ணெயும் உழுந்துக்களியுமாகத் தந்து வயிற்றைக் கலக்கினார்கள். தகரம் வெயிலில் வெடித்து வெடித்துச் சத்தம் போடும். இருக்கவும் முடியாது, எழும்பி நடக்கவும் முடியாது. அப்பா வெற்றிலைத் தட்டோடு மாமாவின் கடைக்குப் போனதும், நேரம் சென்று சுணங்கித் திரும்பி வந்ததும், அம்மாவோடு குசுகுசுத்ததும் கேட்டன. என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

அதைக் கொண்டுவந்தவன் மச்சான், மாமாவின் மகன். நம்முடைய பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு மேலே படித்தவன். பின்னேரம் பந்து விளையாடப் போகிற சாட்டில் வந்து, தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று விரலால் தட்டினான். ஆண்பிள்ளை பார்க்கக் கூடாது. பேசவும் கூடாதுதான்.

“அப்பா வரமாட்டாராம்.”

“ஏன்?”

“மாமனையும் அந்தக் கடையிலயே மலிவா எடுத்துக்கட்டாம். வெத்திலையோட வந்த கொப்பாட்ட அப்பிடித்தான் சொன்னாரு.” கொஞ்சம் நேரம் கழித்துக் கேட்டான். “நீதான் போய்ச் சொன்னயாமே, கூட்டி விக்கிறாரெண்டு?”

“அம்மா சொல்லல்ல. நான் சும்மா சொன்னன்.”

“சும்மாவா?”

“சத்தியமா சும்மா. நீ மாமாட்டச் சொல்லுறயா?”

அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. “நான் சொன்னா நீ சொல்லித் தந்ததெண்டு உதை விழும். நீயே சொல்லு. வேணுமெண்டா ஒண்டு செய்யிறன், நானே வந்து தேங்காய் உடைக்கிறன்.”

“மச்சான் உடைச்சா அது வேற சடங்காப் போகும், போடா.”

“அதுவும் நல்லதுதானே” என்று தகரத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பந்தை உதைத்துக்கொண்டு ஓடினான். அந்தச் சத்தம் ஒழுங்கை முடிவுவரை கேட்டது.

தண்ணி வார்த்த அன்று விடிந்ததிலிருந்து அம்மா ரோட்டைத்தான் பார்த்தார். உலையை வைப்பார், வாசலுக்கு வருவார். பூவை எடுப்பார், வாசலுக்கு வருவார். நேரம் போகிறது என்று பெரியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் மாமி மட்டும் ஒரு தட்டோடு வந்தார். அழுது வீங்கிய கண். அம்மா மாமியின் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி தேங்காயை உடைத்தார். மாமி என் தலையில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீரோடு தண்ணீராக நானும் அழுதேன். பெட்டை வெட்கத்தில் அழுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். நான் அழுதது பயத்தில். சீலைக்குப் பின்னால் எழும்பி நின்று, ‘அது நான் சொன்னது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தேங்காயை மாமா உடைத்திருப்பார். எனக்கு அது தெரிந்தே இருந்தது.

அன்று மாற்றுச் சட்டை எடுக்க அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தபோது தம்பியின் ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் அந்தச் சரை இருந்தது. முனை முறுக்கியபடியே இருந்தது. எறும்பு வராமல் கற்பூரம் போட்டிருந்தார். பார்த்தேன், மூடினேன். அப்போதும் என் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். மறுபடி சண்டை தொடங்கியது. படுவான்கரைச் சனம் துறை கடந்து வந்து நம் பள்ளிக்கூடத்தில் படுத்தது. அதற்குள் ஒருநாள் டியூசனுக்குப் போன மச்சான் வீடு திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் மதிலோடு சாத்தியிருந்தது. கொண்டுபோனது யார் என்று ஆளுக்கொரு கதை. வன்னியில் கண்டதாக ஒருமுறை சேதி வந்தது. சண்டை முடிந்தது. பேர் எழுதிய பட்டியல்கள் வந்தன. மாமாவும் மாமியும் போகாத முகாம் இல்லை, காட்டாத படம் இல்லை. அவன் எதிலும் இல்லை.

சண்டை முடிந்து நாலைந்து மாதம் இருக்கும். நாங்கள் அப்போது கட்டிக் கொடுத்த கல்வீட்டில் இருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. மத்தியானம், அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். படலை திறக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் மாமா நிற்கிறார்.

நாலு வருடத்துக்கு மேல் எங்கள் வாசலை மிதிக்காதவர். மெலிந்து, சேர்ட்டு தோளில் நிற்காமல் சரிந்து கிடந்தது. கையில் மஞ்சள் நிறப் பெரிய பை. களுவாஞ்சிகுடிப் பக்கத்து அந்தக் கடையின் பை. அதற்குள் அது பெரிய கடையாகி, பையில் பெயரும் அடித்திருந்தார்கள்.

“வாங்க அண்ணா. இரிங்க” என்றார் அம்மா. கண் பையில் இருந்தது. “நீங்களும் அங்கயா போறீங்க?”

“ஓம். பஸ்ஸில.”

“கடை?”

“சாத்திட்டன்.” மாமா உட்காரவில்லை. பையையும் கீழே வைக்கவில்லை. “சீனி நிறுக்கக்குள்ளயும் கேக்காங்க, பருப்பு நிறுக்கக்குள்ளயும் கேக்காங்க. பொடியன்ட சேதி ஏதும் வந்ததா, சேதி ஏதும் வந்ததா. நல்ல மனசோடதான் கேக்காங்க தங்கச்சி. எனக்குத்தான் ஏலாமப் போச்சு.”

அம்மா கையில் ஒட்டிய மிளகாய் விதையைத் தட்டினார்.

“அங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறல்ல” என்றார் மாமா.

“ஓம் அண்ணா. கேக்கிறல்ல.”

மாமா அம்மாவைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பை மெல்ல நிலத்துக்கு இறங்கியது.

“நீ அதுக்காகவா போன?”

அம்மா உள்ளே போனார். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வந்து, மாமாவின் கையைப் பிடித்து விரித்து, அந்தச் சரையை வைத்தார். பேப்பர் மஞ்சளாகி, இனிப்புக் கசிந்து, கல் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

“இது என்ன?”

“முப்பத்தொண்டு முடிஞ்சு நான் வந்த அண்டைக்கு நீங்க வச்சது.”

“நானா? நான் வைக்கல்லயே.”

“உங்களுக்குத் தெரியாது. உங்கட கை வச்சது.” அம்மா அவருடைய கையை விடவில்லை. “அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. சொன்னா நீங்க தாங்கமாட்டீங்க. ஒவ்வொரு கிழமையும் அந்தக் கை இதச் சுத்தும், நான் நிண்டு பாக்கணும். என்னால ஏலா அண்ணா. அதான் வரல்ல.”

மாமா சரையைப் பார்த்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார். “சின்ன முதலாளி” என்றார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. குசினிக்கும் வாசலுக்குமாக நாலு தடவை நடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைக் கிளறினார். உரித்த தேங்காய் ஒன்றை எடுத்தார். அதில் அந்தக் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. நாற்பது வருடம் தேங்காய் விற்ற மனிதர் காசு கொடுத்து வாங்கிய தேங்காய்.

“மருமகள், இஞ்ச வா. முத்தத்தில நில்லு. நாலு வருசம் சுணங்கிப் போச்சு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் மிளகாய்ப் பாய்க்குப் பக்கத்தில் கிழக்கே பார்த்து நின்றேன். வீட்டில் போட்டிருந்த பழைய சட்டை, தலை கூட வாரவில்லை. மாமா படிக்கல்லில் ஒரே அடியில் உடைத்தார். தண்ணீர் தெறித்து என் காலில் விழுந்தது. அம்மா இரண்டு பாதியையும் எடுத்து, விலைச்சீட்டை நகத்தால் கிளறினார். அது வரவில்லை. அப்படியே குசினிக்குள் கொண்டுபோய்த் துருவத் தொடங்கினார். மாமா அன்று எங்கள் வீட்டில் சோறு தின்றார். தின்றுகொண்டே ஒருமுறை சொன்னார்.

“மலிவெண்டு சொன்னியெண்டுதான் எனக்குக் கோவம்.”

சோற்றை எடுத்த அகப்பையோடு அம்மாவின் கை நின்றது. தான் அப்படிச் சொன்னதே இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க ஒரு கணம்கூடத் தேவைப்பட்டிருக்காது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, “விடுங்க அண்ணா, எப்பவோ வாய் தவறிச் சொல்லியிருப்பன்” என்றார்.

கேட்டீர்களா? என் பழியைத் தன் தலையில் எடுத்துக்கொண்டார், ஒரு பார்வையோடு. அதைப் பற்றி அன்றைக்கும் என்னிடம் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் மாமா இருந்தார். நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மாமா போய் ஆறு வருடம். அம்மா போய் மூன்று. மாமியை நான்தான் வைத்துப் பார்க்கிறேன். மச்சானை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. குழுவில் ஒருவரும் அவன் பெயரை எடுப்பதில்லை. நல்ல மனசோடுதான் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன கிழமை நான் அந்த வரிசையில் நின்றது மாமிக்குப் பால்மா வாங்க. எனக்கு முன்னால் நின்ற மனுசி, வரிசையோரம் அடுக்கியிருந்த பால்மாவில் சின்னப் பெட்டியை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். நல்ல சேலை, கையில் வளையல். நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன். படத்தில் குடையைச் சரித்துப் பிடித்திருக்கிறேனே, அது அந்த நேரம்தான்.

படத்தைப் போட்டவரிடம் எனக்குக் கோபம் இல்லை. நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள், நானும் பலபேர் முன்னால்தான் சொன்னேன். ஆனால் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். இந்தக் கதையை மாமி கண்விழிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று விடிய முந்தி எழும்பினேன். அவர் எழும்பிவிட்டார், தேநீர் கேட்கிறார். இன்றைக்கு அவரிடமாவது சொல்லப்போகிறேன், கூட்டி விற்கிறார் என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை, அது நான் சொன்னது என்று.